விடுமுறைக்கு வந்தவர் வீதியில் உறங்குகிறார்

சில வாரங்களுக்கு முன்னர், ஒரு மரண வீட்டுக்குச் சென்று திரும்பும் வழியில், எட்டியாந்தோட்டை நகருக்கு அண்மையில் தேநீர் அருந்துவதற்காக இறங்கினேன். பொழுது புலரும் வேளை. முதல் நாள் இரவு முழுவதும் மழை. அவிசாவளை–ஹட்டன் வீதியின் ஓரமாக, களனி கங்கைப் பக்கம் ஒரு லொறி நின்றிருந்தது. அதன் ஆசனத்தில் கால்களை மடக்கிப் படுத்திருந்த இளைஞர் என்னைக் கண்டதும் எழுந்து இறங்கினார். அவருடைய தந்தையை நான் அறிவேன். தொழிற்சங்கக் கூட்டங்களுக்குச் செய்தி சேகரிக்கச் சென்ற காலத்திலிருந்து பழக்கம்.

"பயணமா தம்பி?" என்று கேட்டேன்.

"இல்லிங்க ஐயா, லீவு. மூணு நாள் லீவுல வீட்டுக்கு வந்திருக்கேன்" என்றார்.

வீடு அங்கிருந்து ஐந்து கிலோமீற்றருக்கு மேலே, தோட்டத்து லயத்தில். பகலில் மேலே சென்று பிள்ளைகளோடு இருந்துவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கி வந்து லொறியில் படுத்துக்கொள்கிறார். மூன்று நாள் விடுமுறையில் இரண்டு இரவுகள் அவ்வாறே கழிந்திருந்தன.

"பெட்டரிய கழட்டிட்டுப் போனா மொதலாளி என் சம்பளத்துலதான் புடிப்பாரு. டயரு போனா சொல்லவே வேணாம். வண்டிய உட்டுட்டுப் போய் எப்புடிங்க தூங்குறது?"

விடுமுறைக்கு வீடு வந்த ஒருவர் வீட்டில் உறங்க முடியாமல் வீதியில் உறங்குகிறார். இதை ஒரு சாரதியின் தனிப்பட்ட சங்கடம் என்று கருதிக் கடந்து செல்லலாம். நானும் பல வருடங்கள் அப்படித்தான் கடந்து சென்றிருக்கிறேன். ஆனால் சப்ரகமுவ மாகாணத்தின் தோட்டங்களைச் சற்று அறிந்தவர்களுக்கு, இது ஒரு தனி மனிதரின் கதையல்ல என்பது விளங்கும்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகளில் கணிசமானோர் இன்று கொழுந்து பறிப்பதில்லை, பால் வெட்டுவதில்லை. கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிறார்கள். சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள் லொறி ஓட்டுகிறார்கள். லொறி முதலாளிக்குச் சொந்தமானது. விடுமுறை முடிந்ததும் ஊருக்கு அண்மையிலேயே அடுத்த சுமையை ஏற்ற வேண்டியிருந்தால், லொறியைக் கொழும்பில் விட்டு வருவது எவருக்கும் கட்டுப்படியாகாது. எனவே சாரதியோடு லொறியும் ஊருக்கு வருகிறது. சாரதிக்கு ஊரில் ஒரு லயன் அறையாவது இருக்கிறது. லொறிக்கு எதுவுமில்லை.

ஒரு காலத்தில் இந்தப் பிரதேசத்தின் சுமையை ரயில் தாங்கியது. களனிப் பள்ளத்தாக்கின் குறுகிய இருப்புப் பாதையே தோட்டங்களின் தேயிலையையும் இறப்பரையும் கொழும்புக்குக் கொண்டு சென்றது. எட்டியாந்தோட்டைக் கிளை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரி ஊடாக ஓப்பநாயக்க வரை சென்ற பாதை 1970களில் கைவிடப்பட்டது. சுமை வீதிக்கு வந்தது. ரயிலுக்கு நிலையமும் களஞ்சியமும் காவலாளியும் இருந்தனர். லொறிக்கு வீதி மட்டுமே கொடுக்கப்பட்டது. அது இரவில் நிற்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்று எவரும் நினைக்கவில்லை.

தோட்டத்துக்குள் கொண்டு சென்று நிறுத்தினால் என்ன என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அந்த இளைஞரும் கேட்டிருக்கிறார். நிர்வாகம் மறுத்துவிட்டது. அந்த மறுப்பில் நியாயமே இல்லை என்று நான் கூறமாட்டேன். தோட்டப் பாதைகள் ஒடுங்கியவை. மதகுகள் பழையவை. ஒருவருக்கு இடமளித்தால் பத்துப் பேர் கேட்பார்கள். இரவில் வந்து போகும் லொறியில் என்ன ஏற்றப்படுகிறது என்பதற்கு யார் பொறுப்பு என்று ஓர் அத்தியட்சகர் கேட்டால், அதையும் தவறென்று சொல்ல முடியாது.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1992ஆம் ஆண்டு முதல் இத்தோட்டங்களைப் பிராந்தியக் கம்பனிகள் நிர்வகித்து வருகின்றன. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழும் குடும்பத்துக்குத் தன் வாசலுக்கு முன்னால் உள்ள நிலத்தில் ஒரு வாகனத்தை நிறுத்தும் உரிமைகூடக் கிடையாது. கிராமத்தவர் தன் வளவில் நிறுத்துகிறார். நகரத்தவர் தன் மதிலுக்குள் நிறுத்துகிறார். தோட்டத்தவர் அனுமதி கேட்க வேண்டும். லொறிப் பிரச்சினை என்று நாம் சொல்வது உண்மையில் காணிப் பிரச்சினையே.

நல்லாட்சி அரசாங்கத்தின் காலத்தில் தோட்டக் குடும்பம் ஒன்றுக்கு 7 பேர்ச் காணி என்று தீர்மானிக்கப்பட்டது. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. இந்திய உதவியில் அமைந்த வீடுகள் 550 சதுர அடி. இருபது அடி நீளமும் ஏழு அடி அகலமும் கொண்ட ஒரு லொறி நிற்பதற்கு 140 சதுர அடி, அதாவது அரைப் பேர்ச் போதும். கணக்கில் இடமிருக்கிறது. ஆனால் இவ்வீடுகள் கட்டப்படும் சரிவுகளில் வாகனம் வந்து திரும்பும் அளவுக்குப் பாதை அமைப்பது அரிது. தோட்டத்தவர் வாகனம் வைத்திருப்பார் என்ற எண்ணமே திட்டமிட்டவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

இதைச் சிறிய விடயமாகக் கருத முடியாமல் செய்வது மழை. 2016 மே மாதம் 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவிலும் ஒரு தோட்டத்தின் லயன் அறைகள் மண்ணுள் புதைந்தன. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி வந்தபோது கேகாலை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளைக் கண்டது. கடும் மழை பெய்யும் இரவில் மனைவியும் பிள்ளைகளும் மலைச் சரிவிலுள்ள லயத்தில். குடும்பத் தலைவர் ஐந்து கிலோமீற்றருக்குக் கீழே, ஒரு பெட்டரிக்குக் காவலாக. மண் வெடிக்கும் சத்தம் கேட்டால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய கைகள் அங்கு இல்லை. நான் அந்த இளைஞரைச் சந்தித்ததும் அப்படியொரு இரவின் மறுநாள்தான்.

வீதியில் செல்வோருக்கும் இதில் ஆபத்து உண்டு. நிறுத்தப்பட்டிருந்த லொறியில் மோதி மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் பலி என்ற ஆறு வரிச் செய்தியை எத்தனையோ முறை நானே எழுதியிருக்கிறேன். அந்த லொறி ஏன் அந்த இரவில் அங்கு நின்றது என்று ஒரு முறையேனும் நான் விசாரித்ததில்லை. இப்போது அது உறுத்துகிறது.

இப்பிரச்சினை நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டு, சுமையை இறக்கக் குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட ஜேசன் ரிவன்பர்க் என்ற சாரதி, பாதுகாப்பான இடம் இன்றிக் கைவிடப்பட்ட எரிபொருள் நிலையம் ஒன்றில் லொறியை நிறுத்தினார். அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். கொள்ளையடிக்கப்பட்டது 7 டொலர். அவருடைய மனைவி தொடர்ந்து நடத்திய போராட்டத்தின் பயனாக, லொறித் தரிப்பிடங்களுக்கான ஏற்பாடு 2012இல் சட்டமாகியது. அது ஜேசனின் பெயராலேயே வழங்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியமோ 2020இல் சட்டத்தைத் திருத்தி, சாரதி தனது முழுமையான வாராந்த ஓய்வை வாகனத்துக்குள் கழிக்கக்கூடாது என்று தெளிவுபடுத்தியது. லொறிக்குள் உறங்குவது ஓய்வாகாது என்பதை அங்கே சட்டமே ஏற்றுக்கொண்டுவிட்டது.

நாம் அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. இங்கே முடியக்கூடியவை உள்ளன.

தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் செலவிடுவதற்கு 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் நீண்ட காலம் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. 2025 மே மாதத் தேர்தலுக்குப் பின்னர் சபைகளும் மீண்டும் இயங்குகின்றன. எனவே 'எங்களுக்கு அதிகாரமில்லை' என்று இனிச் சொல்வதற்கில்லை. வாராந்தச் சந்தை கூடும் திடல்கள் ஏனைய இரவுகளில் வெறுமையாகவே கிடக்கின்றன. ஒரு மின்விளக்கு, ஒரு காவலாளி, ஒரு கழிப்பறை, இரவுக்கு ஒரு சிறு கட்டணம் இருந்தால் போதும். எட்டியாந்தோட்டை, தெரணியகல, பலாங்கொடை, றக்வானை போன்ற நகரங்களில் இதைத் தொடங்கலாம். புதிதாக நிலத்தை வெட்டித் தளம் அமைப்பதாயின், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையின்றி ஒரு மண்வெட்டியும் சரிவில் விழக்கூடாது.

கம்பனிகளும் தம் பங்குக்கு ஒன்று செய்யலாம். தொழிற்சாலை முற்றங்களுக்கு ஏற்கெனவே காவல் உண்டு. லொறி வந்து திரும்பும் பாதையும் உண்டு. அத்தோட்டத்தில் வதியும் குடும்பத்தைச் சேர்ந்த சாரதி, வாகன இலக்கத்தையும் அடையாள அட்டையையும் பதிவு செய்துகொண்டு, வெற்று லொறியை இரவில் அங்கு நிறுத்த இடமளித்தால் தேயிலைக்கு எந்த நட்டமும் வராது. லொறி உரிமையாளர்கள் தரிப்பிடக் கட்டணத்தைத் தமது செலவில் சேர்க்க வேண்டும். தமது சொத்தைக் காப்பதற்கு ஒரு தொழிலாளியின் விடுமுறை இரவுகளைச் சம்பளமின்றி எடுத்துக்கொள்கிறோம் என்பதை அவர்கள் உணர வேண்டும்.

2024 பொதுத் தேர்தலில் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து தெரிவான சுந்தரலிங்கம் பிரதீப் பெருந்தோட்ட மற்றும் சமூக உட்கட்டமைப்பு பிரதி அமைச்சராக நியமிக்கப்பட்டார். நுவரெலியாவைப் போல் செறிந்து வாழாது, இரு மாவட்டங்களிலும் சிதறி வாழும் சப்ரகமுவ மலையக மக்களின் குரல் கொழும்பில் கேட்பது அரிதாகவே இருந்து வந்தது. வீடு, காணி, சம்பளம் என்ற பெரிய கோரிக்கைகளின் பட்டியலில் இச்சிறிய கோரிக்கையும் இடம்பெறட்டும்.

தேநீர் குடித்து முடித்ததும் அந்த இளைஞர் லொறியின் கதவைப் பூட்டி, பெட்டரியைச் சுற்றிக் கட்டியிருந்த சங்கிலியை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். பின்னர் மழையில் நனைந்தபடியே மலைப்பாதையில் ஏறினார். மகள் பாடசாலைக்குப் புறப்படுவதற்குள் வீட்டை அடைய வேண்டும் என்றார். மாலையில் அவர் மீண்டும் இறங்கி வரவேண்டும்.