48 புள்ளிகள் எடுத்தும் தோல்வி: ட்ரே யங் கோட்டைவிட்டது எங்கே?

மீஞ்சூரில் மின்சார ரயில் ஏறி, சென்னை வரும்வரை மொபைலில் கூடைப்பந்து ஹைலைட்ஸ் பார்ப்பவர்களுக்கு ட்ரே யங் தெரிந்த முகம்தான். எங்கிருந்து எறிந்தாலும் பந்து கூடையில் விழும். ஆனால், விழாத பந்துகளை ஹைலைட்ஸ் காட்டாதே!

நடந்தது என்ன?

2018 ஜனவரி 20. ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர் யங், ஒக்லஹோமா ஸ்டேட் அணிக்கு எதிராக 48 புள்ளிகள் குவித்தார். ஆனாலும், கூடுதல் நேரத்தில் அவரது அணி 81-83 எனத் தோற்றது. அவர் எறிந்த 39 ஷாட்களில் விழுந்தவை 14 மட்டுமே.

கணக்கு என்ன சொல்கிறது?

தூரத்திலிருந்து எறிந்ததுதான் தப்பு என்று தோணலாம். உண்மை வேறு. மூன்று புள்ளி ஷாட்கள் 20-ல் 8 விழுந்தன. ஒரு ஷாட்டுக்கு 1.2 புள்ளி. இரண்டு புள்ளி ஷாட்கள் 19-ல் 6தான். ஒரு ஷாட்டுக்கு 0.63 புள்ளி. அடி வாங்கியது கிட்டத்தில்தான். மீதி 12 புள்ளிகள் ஃப்ரீ த்ரோவில் வந்தவை.

பிறகு?

அந்த சீசனில் புள்ளிகள், அசிஸ்ட் இரண்டிலும் அமெரிக்கக் கல்லூரி அளவில் யங்தான் முதலிடம். ஆனால், 14 வெற்றி, 2 தோல்வி என்றிருந்த அணி, 18 வெற்றி, 14 தோல்வி என முடித்தது.

என்ன பாடம்?

ஃபார்ம் போவது வேறு, ஷாட் தேர்வு வேறு. நல்ல ஷாட் சில நாள் விழாது, பொறுமையா தொடரலாம். இரண்டு பேர் மறித்து நிற்கும்போது, சும்மா நிற்கும் சக வீரருக்குப் பாஸ் தராமல் எறிந்தால், விழுந்தாலும் அது தப்பான ஷாட்தான்.