அடுத்த வீட்டுக் குளிர்

லண்டனில் ஜனவரி மாதம். மாலை நாலு மணிக்கே இருட்டி விடுகிறது. வீட்டில் கணப்பு எரிந்துகொண்டிருக்கிறது. வலது பக்கத்துச் சுவரைத் தொட்டால் கதகதப்பாக இருக்கிறது. இடது பக்கத்துச் சுவரோ கிணற்றடிக் கல்லைப்போலச் சில்லென்று இருக்கிறது. ஏன் என்று கேட்டால் வீட்டுக்காரர் ஒரே வரியில் பதில் சொல்லுவார்: "பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது!"

குளிர் நாட்டில் இது சின்னத் தொல்லை அல்ல. பணத்தையும் உடல் நலத்தையும் பாதிக்கிற தொல்லை. ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் ஹாரோவிலும் குடியேறியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இத்தகைய ஒட்டு வீடுகளில்தான் வசிக்கின்றன. ஊரிலிருந்து மகனையோ மகளையோ பார்க்கப் போகும் பெற்றோர், "அறை மூலையில் கறுப்பாக என்னவோ படர்ந்திருக்கிறதே?" என்று கேட்பது வழக்கமாகி விட்டது. அது என்ன, எங்கிருந்து வருகிறது, யார் பொறுப்பு என்பதை இங்கே பார்ப்போம்.

ஒரு சுவர், இரண்டு வீடு

இங்கிலாந்தில் வீடுகள் பெரும்பாலும் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. சில இரட்டை வீடுகள். சில தெரு நீளத்துக்கும் வரிசையாகக் கட்டியவை. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரிசை வீடுகளில், இரண்டு வீட்டுக்கும் நடுவே சாதாரணமாக ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒன்றுதான் இருக்கும். இரண்டு பக்கமும் கணப்பு எரியும்வரை அந்தச் சுவருக்கு வேலை இல்லை. இந்தப் பக்கம் 20 டிகிரி, அந்தப் பக்கமும் 20 டிகிரி. வெப்பம் எங்கே போகும்?

ஒரு பக்கம் அணைந்துவிட்டால் கதை மாறுகிறது. பூட்டிய வீட்டுக்குள் வெப்பம் 8 டிகிரிக்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாடிக்கும் சேர்த்துப் பொதுச் சுவரின் பரப்பு 400 சதுர அடி. அந்தச் சுவர் வழியாக இடைவிடாமல் சுமார் 600 வாட் வெப்பம் அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஒரு நாளைக்குக் கணக்கிட்டால் 14 யூனிட். காலி வீட்டைச் சூடாக்க நம்மவர் கட்டணம் கட்டுகிறார். அந்த வீட்டுக்காரர் எங்கோ சுகமாக இருக்கிறார்.

நடுவில் இடைவெளி விட்டு இரட்டைச் சுவராகக் கட்டிய வீடுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று வெகுகாலம் நம்பியிருந்தார்கள். லீட்ஸ் மெட்ரோபாலிடன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், மான்செஸ்டருக்கு அருகே ஸ்டாம்போர்ட் புரூக் என்ற இடத்தில் புதிய வீடுகளை அளந்து பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. நடு இடைவெளி புகைபோக்கி போல வேலை செய்து, வெப்பத்தைக் கூரை வழியாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அதன் பிறகு 2010-ஆம் ஆண்டில் கட்டட விதிகளைத் திருத்தி, பொதுச் சுவரின் வெப்ப இழப்பையும் கணக்கில் சேர்த்தார்கள். புது வீடுகளுக்கு அது நல்லதே. பழைய தெருக்களுக்கு அதனால் பயன் இல்லை.

குளிர் வேறு, ஈரம் வேறு

இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள். குளிர்ந்த சுவர் தானாக நனைவதில்லை. அதை நனைப்பது காற்றிலுள்ள நீராவி. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம்தான் தாங்கும். நாலு பேர் உள்ள குடும்பம் மூச்சு விட்டு, சமைத்து, குளித்து, துணி உலர்த்தி ஒரு நாளைக்குச் சுமார் 10 லிட்டர் நீரைக் காற்றில் விடுகிறது. நம்மவர் வீட்டு இட்லிப் பானையின் பங்கும் அதில் உண்டு.

அறை 20 டிகிரி, காற்றின் ஈரம் 60 சதவிகிதம் என்றால், சுமார் 15 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். காலி வீட்டை ஒட்டிய சுவரின் திறந்த பகுதி 17, 18 டிகிரியில் இருக்கும், அது தப்பிவிடும். அதே சுவரில் சாத்தி வைத்த பீரோவின் பின்புறம் அறைச் சூடு எட்டாமல் 14 டிகிரிக்கு இறங்கிவிடும். அங்கேதான் கறுப்புப் பூஞ்சணம் குடியேறுகிறது. பீரோவை நகர்த்திப் பார்க்கிற அன்றுதான் வீட்டம்மாளுக்கு விஷயமே தெரியவரும்.

சுவரின் திறந்த பகுதியே சொதசொதவென்று ஊறியிருந்தால், அது குளிரின் வேலை அல்ல. எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது. பக்கத்து வீட்டுக் கூரையோரத்து மழைநீர்க் குழாய் அடைத்திருக்கலாம். புகைபோக்கியின் தலை உடைந்து மழை உள்ளே இறங்கலாம். எல்லாவற்றிலும் கொடியது, ஆளில்லாத வீட்டில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிப்பது. பார்ப்பார் இல்லாமல் நாள் கணக்கில் ஒழுகிப் பொதுச் சுவரையே ஊற வைத்துவிடும்.

இரண்டில் எது என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. சுவரை நன்றாகத் துடைத்து உலர்த்தி, ஒரு சாண் அளவு அலுமினியத் தாளை நாலு ஓரமும் நாடா ஒட்டிப் பதித்துவிடுங்கள். ஓரிரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் மேல்புறம் நனைந்திருந்தால் அறைக்காற்றின் நீராவி. சுவரைத் தொடும் பின்புறம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வரும் ஓதம். முன்னதற்கு மருந்து நம் வீட்டில் இருக்கிறது. பின்னதற்கு மருந்து அடுத்த வீட்டில் இருக்கிறது.

செலவில்லாத வைத்தியமும் செலவுள்ள வைத்தியமும்

முதலில் பீரோவையும் கட்டிலையும் பொதுச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். சமைக்கும்போதும் குளிக்கும்போதும் கதவைச் சாத்தி, ஆவியை வெளியேற்றும் மின்விசிறியை ஓட விடுங்கள். அந்த அறையின் கணப்பை அடியோடு அணைத்துவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட அறிவுரைப்படி, குளிர் காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரியாவது வேண்டும்.

மண்ணெண்ணெய் அடுப்பையோ, புகைக்குழாய் இல்லாத காஸ் அடுப்பையோ வைத்துச் சூடேற்றுவது பெருந்தவறு. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் சேருகிறது. மூடிய அறையில் நச்சுப் புகை வேறு.

செலவு செய்யக் கூடியவர்கள், பொதுச் சுவரின் உள்பக்கத்தில் வெப்பம் கடத்தாத பலகையைப் பதிக்கலாம். இரண்டு அங்குலப் பலகையே இழப்பைப் பாதிக்கு மேல் குறைத்துவிடும். அறையின் அகலம் அந்த அளவு குறையும். ஆனால் ஓதம் உள்ள சுவரில் இதைச் செய்யக் கூடாது. முதலில் தண்ணீரை நிறுத்திச் சுவரை உலர விட வேண்டும். அதற்கு முன் பலகை பதிப்பது, புண் ஆறாமல் கட்டுப் போடுவதைப் போன்றது.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுச் சுவருக்கென்றே 1996-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. சுவரை இடித்தாலும் வெட்டினாலும் உயர்த்தினாலும் அடுத்த வீட்டுக்காரருக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும் என்கிறது. சுவருக்கு அப்பால் கணப்பு எரிய வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது.

தண்ணீர் வந்தால் வழி உண்டு. அக்கம்பக்கத்தாரின் உடல் நலத்துக்குக் கேடாகவோ தொல்லையாகவோ உள்ள கட்டடத்தைச் சீர்செய்யச் சொல்லி உத்தரவிட, 1990-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் நகரசபைக்கு அதிகாரம் தருகிறது. ஒழுகும் கூரை, வெடித்த குழாய் ஆகியவற்றைப் பற்றிப் புகைப்படத்தோடும் தேதியோடும் எழுதிக் கொடுத்தால் சுகாதார அதிகாரி வந்து பார்ப்பார். ஆக, சட்டத்தின் கண்ணுக்கு ஈரம் தெரிகிறது, குளிர் தெரியவில்லை!

வீட்டு ஈரம் என்ன செய்யும் என்பதை அந்த நாடு கண்டிருக்கிறது. ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வீட்டில் நெடுநாளாகப் படர்ந்திருந்த பூஞ்சணமே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு கூறினார். அது அடுத்த வீட்டுக் குளிரால் வந்ததல்ல. ஆனாலும் அதன் பயனாக அந்தக் குழந்தையின் பெயராலேயே சட்டம் பிறந்தது. சமூக வீட்டு வசதி நிறுவனங்கள், புகார் வந்ததும் குறிப்பிட்ட நாட்களுக்குள் ஈரத்தையும் பூஞ்சணத்தையும் கவனித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் 2025 அக்டோபரில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. தன் குடியிருப்பவருக்குச் சொந்தக்காரர் செய்ய வேண்டிய கடமை அது. சுவருக்கு அந்தப் பக்கத்துச் சொந்தக்காரரை அது தொடவில்லை.

யார் வீடு, யார் செலவு?

இங்கிலாந்தில் நெடுநாளாகக் காலியாகக் கிடக்கும் வீடுகள் 2024-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இரண்டரை லட்சத்துக்கு மேல். இதைத் தடுக்க நகரசபைகளுக்கு ஓர் ஆயுதம் தந்திருக்கிறார்கள். 2024 ஏப்ரல் முதல், ஓராண்டு காலியாகக் கிடந்த வீட்டுக்கு இரட்டை வரி போடலாம். பத்தாண்டு கடந்தால் நாலு மடங்கு வரையில் போகலாம். சில விலக்குகளும் உண்டு.

இந்த அபராத வரி நகரசபைப் பெட்டிக்குப் போகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன கிடைக்கிறது? வீடு காலியாகக் கிடப்பதால் நேரடியாக நஷ்டப்படுகிறவர் அவர். அவருடைய வெப்பம்தான் ஒழுகுகிறது. அவருடைய குழந்தைதான் இருமுகிறது. அபராதம் வசூலாகிறது, பாதிக்கப்பட்டவர் கை வெறும் கை. இது என்ன நியாயம்?

அபராத வரியில் ஒரு பங்கை எடுத்து, அந்த வீட்டை ஒட்டியுள்ள பொதுச் சுவர்களுக்கு வெப்பக் காப்புச் செய்து கொடுக்கட்டும். குளிர் காலத்தில் காலி வீட்டுக் குழாய்களிலுள்ள தண்ணீரை வடித்துவிட வேண்டும், அல்லது உறையாத அளவுக்காவது கணப்பை வைக்க வேண்டும் என்று சட்டம் செய்யட்டும். தங்கள் பணத்தைக் காப்பதற்காக இன்சூரன்ஸ் கம்பெனிகள் பல இதே நிபந்தனையை ஏற்கனவே போடுகின்றன. கம்பெனியின் பணத்துக்கு உள்ள பாதுகாப்பு, குடித்தனக்காரரின் நெஞ்சுக்கும் வேண்டாமா?

கதவைத் தட்டிப் பாருங்கள்

இன்னொரு வகை வீடு உண்டு. அது காலி வீடு அல்ல. உள்ளே தனியாக ஒரு மூதாட்டி இருக்கிறார். கணப்பு இருக்கிறது, போடுவதில்லை. கட்டணம் கட்டி மாளவில்லை. சராசரிக் குடும்பத்துக்கு மின்சாரம், காஸ் ஆகியவற்றின் உச்சவரம்பு 2021 அக்டோபரில் ஆண்டுக்கு 1,277 பவுனாக இருந்தது. அடுத்த அக்டோபரில் அரசாங்கமே தலையிட்டு மானியம் தந்தும் 2,500 பவுனுக்குப் போயிற்று. கம்பளிக்குள் சுருண்டு நாளை ஓட்டப் பழகிக்கொண்டவர்கள் அநேகர்.

அவரிடம் போய், "உங்கள் குளிர் என் வீட்டுக்கு வருகிறது" என்று சண்டை போடலாமா? நம் சுவரே குளிர்கிறதென்றால், அந்தச் சுவருக்குள் வாழ்பவரின் நிலை என்ன? அந்தக் கதவுக்கு வேண்டியது புகார்க் கடிதம் அல்ல. சூடாக ஒரு கோப்பைத் தேநீரும், உதவித் தொகைக்கு மனுப் போட ஒரு துணையும்தான். தெரு முழுவதற்கும் சேர்த்து வெப்பக் காப்புச் செய்வதை அரசாங்கம் மேற்கொண்டால், இத்தகைய ஏழை வீடுகளும் சேர்ந்தே கரை ஏறும். வீடு வீடாகச் செய்வது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

ஆகவே சுவர் சில்லிடுகிறதென்றால் முதல் வேலை, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிப் பார்ப்பது. திறப்பவர் இருந்தால் அண்டை வீட்டாராக நடந்துகொள்ளுங்கள். திறப்பவர் இல்லையென்றால் நகரசபையின் கதவைத் தட்டுங்கள். பதில் வரும்வரை தட்டுங்கள். சுவர் பொது என்றால், அதன் குளிருக்குச் செலவும் பொதுவாகத்தான் இருக்க வேண்டும்.