வாடைக்காற்று பதுளைக்கும் வரும்



பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். ராத்திரி பிள்ளை மடுவத்துச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, வாடகைக்கு எடுத்த புரொஜெக்டரில் படம் போட்டார்கள். எம்.ஜி.ஆரின் 'ஆயிரத்தில் ஒருவன்'. நமக்குத்தான் அது எத்தனையாவது தடவை! முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளைகளுக்கு அது புதுப் படம்.

திரையில் அலை புரண்டு வந்தபோது நாலு வயசுப் பிள்ளை ஒன்று கால் இரண்டையும் வெடுக்கென்று இழுத்துப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டது. எல்லோரும் சிரித்தோம். பக்கத்தில் இருந்த பாட்டி மட்டும் வெற்றிலையை அதக்கியபடி, "எங்கப்பாயி வந்த கடலு இம்புட்டு அழகாவா இருந்துச்சு?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது, கடலும் போனது.

அந்தக் கேள்வி என்னோடு பஸ்ஸில் வீடுவரை வந்தது.

யோசித்துப் பாருங்கள். நம் ஊவா மாகாணத்துக்குக் கடற்கரையே கிடையாது. பதுளையும் மொனராகலையும் நிலம் சூழ்ந்த மாவட்டங்கள். அப்புத்தளையில் வானம் வெளித்த நாளில் தெற்கே தூரத்தில் ஒரு வெள்ளிக் கோடு தெரியும், அதுதான் நம் பிள்ளைகளின் கடல். ஆனால் நம்மில் எந்தக் குடும்பம் கடலைக் கடக்காமல் இங்கே வந்தது? தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தானே நாம்? 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மறுபடி நடந்து அதை நினைவுகூர்ந்தார்களே, அந்த நடையில் உங்களில் சிலரும் போயிருப்பீர்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு எத்தனை ஆயிரம் பேர் அதே கடலைத் திரும்பக் கடந்தார்கள்! அவர்களை ஏற்றிப்போன கோச்சிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பேர் வைத்தது யார்? நாம்தான்.

கடல் படம் என்றால் கப்பல், கொள்ளையர், வாள்சண்டை, கன்னித்தீவு என்று நினைத்துப் பழகிவிட்டோம். குறை சொல்லவில்லை. பந்துலுவின் 'ஆயிரத்தில் ஒருவன்' 1965இல் வந்தது. இன்றைக்கும் போட்டால் எழுந்து போக மனம் வராது. ஆனால் நம் நாட்டிலேயே, கையிலிருந்த சொற்பக் காசில், ஒரு கடல் படம் எடுத்திருக்கிறார்களே, அது எத்தனை வீட்டுக்குத் தெரியும்?

'வாடைக்காற்று' என்று பெயர். 1978இல் வந்தது. செங்கை ஆழியானின் நாவல். இயக்கியவர் பிரேம்நாத் மொறாயஸ். டொக்டர் இந்திரகுமார் நடித்தார். 'சுராங்கனி' பாடிய நம் ஏ. ஈ. மனோகரனும் அதில் உண்டு. கதை நடப்பது நெடுந்தீவில். வாடை தொடங்கும் பருவத்தில் வெளியூர் மீனவர்கள் தீவுக்கு வந்து வாடி அடித்துத் தங்குகிறார்கள். வந்தவர்களுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் உரசல், நடுவில் காதல். கொள்ளையர் கப்பல் கிடையாது. வள்ளம், வலை, மீன், காற்று. பயமெல்லாம் 'போனவன் திரும்புவானா' என்பதுதான். இதைவிடப் பெரிய சாகசம் வேண்டுமா என்ன?

இதற்கு மூன்று வருஷம் முன்னால், 1975இல், தொழிற்சங்கவாதி வி. பி. கணேசன் நம் தோட்டத்து வாழ்க்கையை வைத்து 'புதிய காற்று' எடுத்தார். மலைக்கு ஒரு காற்று, கடலுக்கு ஒரு காற்று! பெயர் பொருந்தியது தற்செயல்தான். ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏனென்றால் காற்றை நம்மைவிட யாருக்குத் தெரியும்? ஜூலை முதல் செப்டெம்பர்வரை தென்மேல் காற்று நுவரெலியாப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு வெறும் காய்ந்த காற்றாக நம் பக்கம் இறங்கும். கொழுந்து மெதுவாக வளரும், கிலோ குறையும், தேயிலைக்கு மட்டும் அந்த ஊவா வாசம் ஏறும். வருஷக் கடைசியில் வாடை பிறக்கும். நெடுந்தீவு மீனவர் வள்ளத்தை எப்போது இறக்குவது என்று பார்க்கவைக்கும் அதே வாடைதான் நமுனுகுல மலையில் மேகத்தைக் கொண்டுவந்து மோதவிட்டு, நம் லயத்துத் தகரத்தை ராவெல்லாம் தட்டுகிறது. மண் சரியுமோ என்று நாம் விழித்திருக்கும் அந்த ராத்திரிகள்தான் அவர்களுக்கும் விழித்திருக்கும் ராத்திரிகள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இலங்கைத் தமிழ்ப் படங்களில் காசு இல்லாதது கண்ணுக்குத் தெரியும். சத்தம் சில இடத்தில் தேயும், வெளிச்சம் சில இடத்தில் போதாது. சென்னையிலிருந்து வந்த படங்களோடு ஒரே தியேட்டரில் நின்று போட்டிபோட வேண்டியிருந்தது அவற்றுக்கு. இன்னொன்றும் உண்டு. சினிமாத் தமிழ் நம் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, வடக்குக் கடற்கரைப் பேச்சு காதில் விழுந்தால் "இது என்ன பாஷை?" என்கிறார்கள். நம் நாட்டுப் பேச்சே அந்நியமாகிவிட்டது யார் தவறு? பிள்ளைகள் தவறா?

போனதைத் திரும்ப எடுப்பதும் சுலபமில்லை. 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவை எரித்தபோது எத்தனை படச்சுருள்கள் சாம்பலாயின! அதனால் இருக்கிற கொஞ்சத்தைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

அடுத்த திருவிழாவுக்குப் படம் தெரிவு செய்யும் தம்பிமார்களிடம் ஒரு வேண்டுகோள். எம்.ஜி.ஆரை நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்தினால் பெரியவர்கள் என்னை விடமாட்டார்கள்! இலங்கைப் படம் ஒன்றையும் தேடிப் பிடித்து, பிள்ளைகள் தூங்குவதற்கு முன்னால் போடுங்கள். பாட்டிமாரை முன்வரிசையில் உட்காரவையுங்கள். படம் ஓடும்போது அவர்கள் பேசினால் "ஷ்" என்று அடக்காதீர்கள்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். 'வாடைக்காற்று', 'புதிய காற்று' படங்களை அந்தக் காலத்தில் பதுளையிலோ பண்டாரவளையிலோ தியேட்டரில் பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் இருக்கிறார்களா? யாரோடு போனார்கள், எப்படித் திரும்பி வந்தார்கள், தோட்டத்தில் மறுநாள் என்ன பேசிக்கொண்டார்கள்? அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி அனுப்புங்கள். தகரப் பெட்டிக்குள் பழைய பாட்டுப் புத்தகம் கிடந்தால் அதையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். கிழிந்த டிக்கெட் துண்டு என்றாலும் சரி.

அன்புடன்,
ஆசிரியர்