மூளை கனக்கிறது, வாதம் கனக்கவில்லை

யானையின் மூளை நம்முடையதைப் போல மூன்று மடங்கு எடை. டால்பினின் மூளையில் மடிப்புகள் நம்மைவிட அதிகம். ஆகவே அவை நம்மைவிட அறிவாளிகள் என்று விலங்குகளைக் காக்க விரும்பும் சிலர் அடித்துச் சொல்கிறார்கள். பரிவு நல்லதுதான். வாதம்தான் நிற்கவில்லை.

யானையையே எடுத்துக்கொள்வோம். 2014இல் மூளை ஆய்வாளர் சுசானா ஹெர்குலானோ-ஹௌசல் குழுவினர் ஓர் ஆப்பிரிக்க யானையின் மூளைத் திசுவைக் கரைத்து, மிதந்த அணுக்கருக்களை எண்ணிக் கணக்கிட்டார்கள். மொத்தம் 25,700 கோடி நியூரான்கள். அவற்றில் 97.5 விழுக்காடு பின்னாலிருக்கும் சிறுமூளையில்! சிந்தனையோடு தொடர்புள்ள பெருமூளைப் புறணியில் இருந்தவை வெறும் 560 கோடி. அதில் பாதி எடைகூட இல்லாத மனிதப் புறணியிலோ சுமார் 1,600 கோடி. எடையை வைத்துப் பேசியவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

சரி, மடிப்பு? மெல்லிய காகிதத்தைக் கசக்கினால் நிறையச் சுருங்கும். தடித்த அட்டை அவ்வளவு சுருங்காது. டால்பின் புறணி பரப்பில் பெரியது, தடிமனில் நம்முடையதைவிட மெல்லியது. மடிப்பு அந்த வடிவத்தின் விளைவு. அறிவுக்குச் சான்றிதழ் அல்ல.

உடனே, “அப்படியானால் நியூரான் எண்ணிக்கைதான் அளவுகோல்” என்று தாவவும் வேண்டாம். பைலட் திமிங்கிலத்தின் புறணியில் சுமார் 3,720 கோடி நியூரான்கள் என்று அதே 2014இல் இன்னொரு குழு கணித்தது. நம்மைப்போல இருமடங்குக்கும் மேல். ஆனால் நம் புறணியில் தெளிவாகத் தெரியும் நான்காம் அடுக்கு திமிங்கிலங்களில் தென்படுவதே அரிது. கட்டமைப்பே வேறாக இருக்கும்போது ஒற்றை எண்ணால் எதை ஒப்பிடுவது?

யானையைக் காப்பாற்ற அதை நம்மைவிடப் புத்திசாலி என்று நிரூபிக்கத் தேவையில்லை. அப்படி நிரூபித்தால்தான் காப்போம் என்றால், கோளாறு யானையின் மூளையில் இல்லை.