வான்கோழியின் வயிறு காலியாகவே இருக்கட்டும்

பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து படியுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்களும் தாண்டிப் போய்விடாதீர்கள், உங்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது.

நவம்பர் வந்துவிட்டது. டெக்சாஸ், நியூஜெர்சி, கலிபோர்னியா என்று போய்க் குடியேறிய பிள்ளைகள் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்குத் தயாராகிக்கொண்டிருப்பீர்கள். வேலைக்குப் போன முதல் வருடம் கோழிக்கால் நான்கு வாங்கிப் பொரித்துச் சாப்பிட்டவர்கள், இப்போது பதினைந்து பவுண்டு வான்கோழியை முழுசாக ஓவனில் வைத்துப் படம் எடுத்துப் போடுகிறீர்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படங்களில் பாதியில் வான்கோழியின் வயிறு பிதுங்கிக்கொண்டிருக்கிறது. ரொட்டி ஸ்டஃபிங் போதாது என்று பிரியாணிச் சோறு, கொத்துக்கறி, அவித்த முட்டை எல்லாம் உள்ளே போகின்றன. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டஃபிங்கை வான்கோழிக்குள் அடைத்து வேகவைக்காதீர்கள். தனியாக ஒரு ட்ரேயில் வைத்துச் சுடுங்கள். இரண்டையும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே மேசைக்குக் கொண்டு வாருங்கள்.

ஊரில் இருக்கும் உறவினர்களுக்காக ஒரு சிறு விளக்கம். தேங்க்ஸ்கிவிங் என்பது அமெரிக்காவில் நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை வரும் நன்றி சொல்லும் நாள். குடும்பம் முழுவதும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் நாள். நடுவில் முழு வான்கோழி இருக்கும். ஸ்டஃபிங் என்பது காய்ந்த ரொட்டித் துண்டுகளில் வெண்ணெயில் வதக்கிய வெங்காயம், செலரித் தண்டு, சேஜ், தைம் போன்ற வாசனை இலைகள் போட்டு, கோழி வேகவைத்த சாறு ஊற்றி, சில வீடுகளில் முட்டையும் அடித்துச் சேர்த்துப் பிசைவது. பழைய வழக்கப்படி அதைப் பறவையின் வயிற்றுக்குள் அடைத்து ஓவனில் வைப்பார்கள்.

சரி, அடைத்தால் என்ன? ஏழாம் வகுப்பில் வெப்பம் பாடம் நடத்தியது நினைவிருக்கிறதா? சூடு வெளியிலிருந்து உள்ளே படிப்படியாகத்தான் போகும். பிடிகொழுக்கட்டையைப் பெரிய உருண்டையாகப் பிடித்தால் மேல்மாவு வெந்திருக்கும், நடுவில் பச்சை மாவு இருக்கும். வான்கோழியிலும் அதே கதைதான். ஓவனின் சூடு முதலில் தோலைத் தாண்டி, கறியைத் தாண்டி, எலும்புக்கூட்டைத் தாண்டி, கடைசியாகத்தான் வயிற்றின் நடுவில் இருக்கும் ரொட்டிக்கு வந்து சேரும். அதற்குள் பச்சைக் கறியிலிருந்து வடியும் நீரை அந்த ரொட்டி பஞ்சு மாதிரி உறிஞ்சிவிடுகிறது. பச்சைக் கோழி, வான்கோழிகளில் சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் இருக்கலாம். வெளியே கறி வெந்து மணக்கும்போது, உள்ளே ரொட்டி அந்தக் கிருமிகளோடு வெதுவெதுப்பாக உட்கார்ந்திருக்கும்.

அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்லும் கணக்கு எளிது. 40 முதல் 140 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, அதாவது 4 முதல் 60 செல்சியஸ் வரை, கிருமி வேகமாகப் பெருகும் எல்லை. கறியும் சரி, ஸ்டஃபிங்கும் சரி, 165 ஃபாரன்ஹீட், அதாவது 74 செல்சியஸைத் தொட வேண்டும். பழைய சமையல் புத்தகங்களில் முழுப் பறவைக்கு 180 என்று இருக்கும். 2006-இல்தான் எல்லாக் கோழி இறைச்சிக்கும் பொதுவாக 165 போதும் என்று அந்தத் துறை அறிவித்தது. அடைத்த வான்கோழியை அது பரிந்துரைப்பதும் இல்லை. அடைத்தே தீருவேன் என்பவர்களுக்குத்தான் தனியாக எச்சரிக்கைகள் எழுதி வைத்திருக்கிறது.

இங்கே ஒரு இக்கட்டு வருகிறது. வயிற்றுக்குள் இருக்கும் ஸ்டஃபிங் 165-ஐத் தொடும்வரை பறவையை ஓவனில் விட்டால், நெஞ்சுக்கறி 165-ஐ எப்போதோ தாண்டிப் போய் நார் நாராகிவிடும். நெஞ்சுக்கறி பக்குவமாக இருக்கும்போது எடுத்தால் ஸ்டஃபிங் வெந்திருக்காது. ஒன்று காய்ந்த கறி, அல்லது வேகாத ரொட்டி. “டர்க்கி என்றாலே சக்கை மாதிரிதான் இருக்கும் டீச்சர்” என்று நீங்கள் அலுத்துக்கொள்வதற்குப் பெரிய காரணம் இதுதான். பாவம், பறவையைக் குறை சொல்லிப் பயனில்லை.

“கைப்பக்குவம் தெரிந்தவர்களுக்கு தெர்மாமீட்டர் எதற்கு?” என்று சில பேர் கேட்பீர்கள், முக்கியமாக என் தங்கைமார்கள். நம் கைப்பக்குவம் அரைக் கிலோ, ஒரு கிலோ கறியைத் துண்டு போட்டுக் குழம்பில் கொதிக்கவிடும் சமையலில் வந்தது. அங்கே கண்ணால் பார்க்கலாம், கரண்டியால் நசுக்கிப் பார்க்கலாம். ஆறேழு கிலோ பறவையின் உள்வயிறு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு தெர்மாமீட்டரும் வைக்கிறோம் இல்லையா? அதில் என்ன கௌரவக் குறைச்சல்? சில வான்கோழிகளோடு ஒரு பிளாஸ்டிக் குமிழ் வரும், வெந்ததும் மேலே எழும்பும். அது குத்தியிருக்கும் இடத்தின் சூட்டை மட்டும்தான் காட்டும். வயிற்றுக்குள் இருப்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

அடுத்து பாரம்பரியம். “அமெரிக்கர்களின் வழக்கமே அடைப்பதுதானே?” என்பார்கள். 1621-இல் பிளிமத்தில் நடந்த அறுவடை விருந்தைப் பற்றி எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் வேட்டையாடிய பறவைகளும் வாம்பனோக் மக்கள் கொண்டுவந்த ஐந்து மான்களும் வருகின்றன. ரொட்டி அடைத்த வான்கோழி அதில் இல்லை. 1827-இல் சாரா ஜோசஃபா ஹேல் எழுதிய ‘நார்த்வுட்’ நாவலின் விருந்தில் ஸ்டஃபிங் மணக்கும் வான்கோழி உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் எத்தனையோ குடும்பங்கள் சோளரொட்டியில் செய்து தனித் தட்டில் சுடுகிறார்கள். அதற்கு ‘டிரெஸ்ஸிங்’ என்று பெயர். 1972-இல் விற்பனைக்கு வந்த ‘ஸ்டவ் டாப்’ பாக்கெட்டை அடுப்பில் பாத்திரம் வைத்தே கிண்டிவிடலாம், பறவையே தேவையில்லை. ஆக, தனியாகச் செய்வதும் அமெரிக்க வழக்கம்தான். யாருடைய மரபையும் நாம் கெடுக்கவில்லை.

ருசி விஷயத்தில் உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. பறவையின் சாறு இறங்கிய ரொட்டிக்குத் தனி ருசி உண்டு. அந்த ருசியை வேறு வழியிலும் கொண்டு வரலாம். வான்கோழியோடு வரும் கழுத்துத் துண்டை வெங்காயம், செலரி போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, அந்தச் சாற்றை ஊற்றி ஸ்டஃபிங் பிசையுங்கள். வான்கோழி வெந்தபின் தட்டில் வடிந்திருக்கும் சாற்றையும் இரண்டு கரண்டி மேலே விடுங்கள். இதைத் தவிர ஒரு லாபமும் உண்டு. ட்ரேயில் சுட்டால் மேல்பக்கம் பொன்னிறமாக மொறுமொறுவென்று வரும். வயிற்றுக்குள் வெந்தது கொழகொழவென்றுதான் இருக்கும். மகள் வீட்டில் இரண்டு நவம்பர் இருந்திருக்கிறேன், முதலில் காலியான பாத்திரம் அந்த மொறுமொறு ட்ரேதான்.

இப்போது சைவக்காரர்களுக்கான செய்தி. தேங்க்ஸ்கிவிங் நவம்பர் 22-க்கும் 28-க்கும் இடையில்தான் வரும். அதாவது எப்போதுமே நம் கார்த்திகை மாதத்தில். மாலை போட்டவர்கள் இருப்பார்கள். வியாழக்கிழமை கவிச்சி சாப்பிடாதவர்கள் இருப்பார்கள். ஊரிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க வந்திருக்கும் சைவ மாமியார் இருப்பார். ஸ்டஃபிங்கை வான்கோழிக்குள் அடைத்துவிட்டால் அது முழுவதும் கறியாகிவிடுகிறது. அவர்களுக்குத் தட்டில் பிசைந்த உருளைக்கிழங்கும் கிரான்பெரிச் சட்னியும்தான் மிச்சம். தனியாகச் செய்தால், காய்கறி வேகவைத்த தண்ணீரில் முட்டை இல்லாமல் ஒரு ட்ரே, கோழிச் சாற்றில் ஒரு ட்ரே என்று இரண்டு வைக்கலாம். கரண்டி மட்டும் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றி சொல்லும் நாளில் ஒருவர் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்படி விடலாமா?

வேலையும் பிரியும். பறவையை அடைப்பது கடைசி நிமிட வேலை, பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் தலையில்தான் விழுகிறது. ட்ரே என்றால் ரொட்டி நறுக்குவதை முந்தின நாள் மாப்பிள்ளை செய்யலாம், வெங்காயம் வதக்குவதை மைத்துனர் செய்யலாம். ஒருவர் விடியற்காலையில் எழுந்து தனியாக நிற்க வேண்டியதில்லை.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

1. உறைந்த வான்கோழியை பிரிட்ஜிலேயே இளக விடுங்கள். 4 முதல் 5 பவுண்டுக்கு ஒரு முழு நாள் ஆகும். 15 பவுண்டு என்றால் ஞாயிற்றுக்கிழமையே ஃப்ரீசரிலிருந்து கீழே இறக்கிவிடுங்கள். சமையல் மேடையில் வைத்து இளக்க வேண்டாம்.

2. மஞ்சள் போட்டுக் குழாயடியில் கழுவும் நம் பழக்கம் இங்கே வேண்டாம். தண்ணீர் தெறிக்கும் இடமெல்லாம் கிருமி போகும், பக்கத்தில் சாலட் நறுக்கி வைத்திருப்பீர்கள். காகிதத் துண்டால் ஒற்றி எடுங்கள், போதும். மஞ்சள், மிளகு, பூண்டு எல்லாம் வெண்ணெயில் குழைத்துத் தோலில் தடவுங்கள்.

3. வயிற்றுக்குள் வாசனைக்கு வெங்காயம் ஒன்று, எலுமிச்சை பாதி, தைம் ஒரு கொத்து வைக்கலாம். அது சாப்பிட அல்ல. வெந்தபின் எடுத்துப் போட்டுவிடுங்கள்.

4. ஓவன் 325 ஃபாரன்ஹீட்டுக்குக் குறையக் கூடாது. 12 முதல் 14 பவுண்டுப் பறவை அடைக்காமல் வைத்தால் 3 மணி முதல் 3¾ மணி நேரம் ஆகும். அடைத்தால் 3½ முதல் 4 மணி. நேரம் ஒரு உத்தேசம்தான், முடிவு சொல்வது தெர்மாமீட்டர்.

5. தொடையின் உட்பக்கம், இறக்கையின் உட்பக்கம், நெஞ்சின் தடித்த பகுதி என மூன்று இடத்தில் குத்திப் பாருங்கள். எலும்பில் படக் கூடாது. மூன்றிலும் 165 வர வேண்டும்.

6. எடுத்தவுடன் வெட்டாதீர்கள். 20 நிமிடமாவது ஆறட்டும். அந்த நேரத்தில் ஓவன் சும்மா இருக்கிறதே, ஸ்டஃபிங் ட்ரேயை உள்ளே தள்ளுங்கள். அதன் நடுவிலும் 165 வந்ததும் எடுங்கள்.

7. மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் சிறு சிறு பாத்திரங்களில் பிரித்து பிரிட்ஜில் வையுங்கள். பெரிய குண்டானில் இரவு முழுவதும் அடுப்பின் மேல் விடுவது ஆபத்து. சோறு கலந்த ஸ்டஃபிங்குக்கு இது இன்னும் முக்கியம். மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

சம்பந்தி வீட்டில் அமெரிக்கப் பெரியவர் ஒருவர் அடைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் சண்டை போடாதீர்கள். அவர் வீடு, அவர் வழக்கம். உதவிக்குப் போய் நில்லுங்கள். ஸ்டஃபிங்கை ஈரப்பதமாக, பவுண்டுக்கு முக்கால் கப் அளவில் தளர்வாக, ஓவனில் வைப்பதற்குச் சற்று முன்னால் அடைக்கச் சொல்லுங்கள். முந்தின இரவே அடைத்து வைப்பது கூடவே கூடாது. கறி, சிப்பி எதையாவது சேர்த்தால் அதை முதலிலேயே வேகவைத்திருக்க வேண்டும். கடைசியில் தெர்மாமீட்டரை ஸ்டஃபிங்கின் நட்டநடுவில் விட்டுப் பாருங்கள். 165 வராவிட்டால் திரும்ப ஓவனுக்கு. இந்த ஒரு இடத்தில் மட்டும் கூச்சப்படாமல் வாய் திறந்து சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? ஓவனில் வெந்ததை நம் வாலிபப் பிள்ளைகள் சாப்பிட்டு இரண்டு நாள் வயிற்றுப்போக்கோடு தேறிவிடுவார்கள். அதே மேசையில் கர்ப்பிணி இருப்பாள், ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கும், இருபது மணி நேரம் பறந்து வந்த சர்க்கரை நோயுள்ள அப்பா இருப்பார். அவர்களுக்கு அது ஆஸ்பத்திரி வரைக்கும் போகும் விஷயம். ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்கு அங்கே ஆஸ்பத்திரிச் செலவு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வருடம் யார் வீட்டுக்காவது விருந்துக்குப் போகிறீர்களா? பூங்கொத்தோடு ஒரு நல்ல சமையல் தெர்மாமீட்டரும் வாங்கிக்கொண்டு போங்கள். பத்திருபது டாலரில் கிடைக்கும், பல வருடம் உழைக்கும். யாராவது சிரித்தால், எங்கள் டீச்சர் சொல்லிவிட்டார் என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.

படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கக் காத்திருக்கிறேன். வான்கோழிக்குப் பக்கத்தில் ட்ரேயும் தெரிய வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்