அப்பா பேசும்போதே கேட்டு வைங்க

கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்டில் 60 தாண்டினவங்க இருந்தா முழுசா படிச்சிடுங்க.

பக்கவாதம் வந்தவரை அட்மிட் பண்ற குடும்பம் முதல் நாள் கேட்கிற கேள்வி, "பிழைச்சிடுவாரா டாக்டர்?" பத்தாவது நாள் கேள்வி வேற. "அப்பாகிட்ட கைநாட்டு வாங்கிக்கலாமா? நல்ல நினைவோட இருக்கார்னு ஒரு சர்டிபிகேட் தருவீங்களா?"

நினைவில்லாதவர் கட்டைவிரலைப் பிடிச்சு அழுத்தி வாங்குற ரேகை செல்லாது. அந்த சர்டிபிகேட்டை எந்த டாக்டரும் தரக் கூடாது. ஆனா கேட்கிறவங்க பெரும்பாலும் சொத்தை அபகரிக்க வந்தவங்க இல்ல. அப்பாவோட வைத்தியத்துக்கு அப்பாவோட பணத்தையே எடுக்க வழியில்லாம நிக்கிறவங்க.

கடம்பத்தூர் பக்கம் வீடுகளைப் பாருங்க. பையன் விடிகாலை மின்சார ரயிலைப் பிடிச்சு சென்னைக்கோ, ஷிப்ட்டுக்கு ஏதாவது கம்பெனிக்கோ போயிடுவார். படுக்கையில் இருக்கிற மாமனாருக்கு டயப்பர் மாத்துறது, சுகர் பார்க்கிறது, டியூப்ல கஞ்சி விடுறது எல்லாம் மருமகள். பாஸ்புக், பத்திரம், வென்டிலேட்டர் வேணுமா வேண்டாமான்ற முடிவு, எதுலயும் அவங்க பேர் இருக்காது. நாலு வருஷமா எட்டிப் பார்க்காத உறவு போன்ல சொல்றதுதான் எடுபடும்.

"நாங்க பவர் எழுதி வாங்கிட்டோம் சார்" என்பாங்க. இந்த நம்பிக்கைதான் ரொம்பப் பேரைக் கவுக்குது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 201-வது பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தா அந்த பவர் முடிஞ்சு போச்சு. எப்போ தேவையோ சரியா அப்போ செத்துப்போற காகிதம் அது! சிங்கப்பூர்ல நினைவு போன பிறகும் செல்லுபடியாகிற பவர் 2010-லிருந்தே இருக்கு. அங்கே இருக்கிற உங்க சொந்தக்காரங்களைக் கேட்டுப் பாருங்க. இங்கே அப்படி ஒரு சட்டம் இல்ல.

அப்போ என்னதான் வழி? கோர்ட்தான். 2024-ல் கோமாவில் கிடந்த கணவருக்காக ஒரு மனைவி சென்னை உயர் நீதிமன்றம் போனாங்க. தனி நீதிபதி, சிவில் கோர்ட்டுக்குப் போங்கன்னு சொல்லிட்டார். மேல்முறையீட்டில் இரண்டு நீதிபதிகள் அமர்வு அவங்களையே பாதுகாவலரா நியமிச்சு, சொத்தை விற்க அனுமதி கொடுத்தது. 50 லட்சத்தைக் கணவர் பேரில் டெபாசிட்டா போடணும், வட்டியை எடுத்துக்கலாம்னு நிபந்தனை. நல்ல தீர்ப்பு. ஆனா விற்க ஒரு இடமும், வாதாட ஒரு வக்கீலும் இருந்தவங்களுக்கு அது. ஷிப்ட்டை விட்டுட்டு ஹைகோர்ட் வாசல்ல நிக்க நம்மில் எத்தனை பேரால முடியும்?

அதனால முன்னாடியே பண்ணுங்க. பேங்க் கணக்கை ஜாயின்ட்டா, யாராவது ஒருத்தர் கையெழுத்து போதும்னு மாத்துங்க. நாமினி மட்டும் போதாது, அது இறந்த பிறகுதான் உதவும். (கை மட்டும் செயலிழந்து நினைவு நல்லா இருந்தா கவலை வேண்டாம். ரெண்டு சாட்சி, அதுல ஒருத்தர் பேங்க் அதிகாரியா இருந்தா பெருவிரல் ரேகை செல்லும், கால் விரல் ரேகை கூட.)

மறதி நோய்னு சொன்ன உடனே எல்லாம் முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. ஆரம்பக் கட்டத்தில் நிறைய பேருக்கு முடிவெடுக்கும் திறன் நல்லாவே இருக்கும். எழுத வேண்டியதை அந்த மாசங்கள்லயே எழுதிடணும்.

வீட்டை இப்பவே பிள்ளைக்கு செட்டில்மென்ட் பண்ணலாமான்னு கேட்கிற பெரியவங்களுக்கு என் பதில்: உயில் எழுதுங்க. ரெண்டு சாட்சி போதும், எப்போ வேணா மாத்தலாம். செட்டில்மென்ட் பண்ணியே தீரணும்னா, "கடைசி வரை பார்த்துக்கணும்"னு பத்திரத்திலேயே ஒரு வரி எழுதுங்க. பார்த்துக்கலைன்னா 2007 முதியோர் சட்டம் 23-வது பிரிவில் ரத்து பண்ண ஆர்டிஓகிட்ட போகலாம். அந்த வரி இல்லாத வழக்குகள்ல கோர்ட்டே ஒவ்வொரு சமயம் ஒவ்வொரு மாதிரி சொல்லியிருக்கு.

அப்புறம் லிவிங் வில். மீளவே முடியாத நிலை வந்தா எந்த சிகிச்சை வேண்டாம், யாரைக் கேட்டு முடிவெடுக்கணும்னு நீங்களே எழுதி வைக்கிறது. 2018 மார்ச் 9-ல் உச்ச நீதிமன்றம் அனுமதிச்சது. முதல்ல மாஜிஸ்திரேட் கையெழுத்து வேணும்னு இருந்ததால யாரும் கிட்டப் போகலை. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி, ரெண்டு சாட்சியும் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி சான்றும் போதும்னு ஆக்கிட்டாங்க. இது கருணைக்கொலை இல்ல. வலிக்கு மருந்து நிக்காது. நீங்க எழுதின உடனே யாரும் டியூப்பைப் பிடுங்கவும் முடியாது, ரெண்டு தனித்தனி டாக்டர்கள் குழு பார்த்து ஒத்துக்கணும். என்னைப் பொறுத்தவரை இதோட பெரிய லாபமே வேற. அந்த மருமகள் பேரை அதுல எழுதினா, ஐசியூ வாசல்ல முதல் தடவையா அவங்க சொல்லுக்கு ஒரு மதிப்பு வரும்.

அரசுகிட்டயும் ஒரு கோரிக்கை. 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் வீடு தேடிப் போய் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறாங்க. அருமையான திட்டம். கூடவே ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்க: "உங்களால பேச முடியாமப் போனா நாங்க யாரைக் கேட்கணும்?" அந்தப் பேரையும் போன் நம்பரையும் நோயாளி அட்டையிலேயே எழுதி வெச்சிட்டா, ராத்திரி ரெண்டு மணிக்கு கேஷுவாலிட்டியில் இருக்கிற டாக்டருக்கு யாரைக் கூப்பிடணும்னு தெரியும்.