ஹோம் ரூல் லீக்கை எந்த மொழியில் வாசிக்கிறோம்?

1916 ஏப்ரலில் பெலகாமில் திலகர் தரப்பினர் தொடங்கிய ஹோம் ரூல் லீக்கின் பெயர் ஆங்கிலம். அதன் பரப்புரை பெரும்பாலும் மராத்தியில் நடந்தது. ஓராண்டுக்குள் மராத்தியில் ஆறு துண்டுநூல்களையும் ஆங்கிலத்தில் இரண்டையும் அது வெளியிட்டது. விற்பனையான படிகள் 47,000. கன்னடத்திலும் குஜராத்தியிலும் வெளியீடுகள் வந்தன. 1917 ஏப்ரலில் உறுப்பினர்கள் 14,000 பேர்.

ஆயினும் அந்த இயக்கத்தின் அரசியல் சிந்தனையை விளக்கப் புகும் ஆங்கிலவழி ஆய்வுகள் பல, மொழிபெயர்ப்பையே மூலமெனக் கொள்கின்றன. மொழிபெயர்ப்பு என்ற குறிப்பைக்கூட அடிக்குறிப்பில் தருவதில்லை.

இதைச் சிறு கவனக்குறைவெனத் தள்ளிவிட இயலாது. 'ஸ்வராஜ்ய' என்ற சொல் மராத்தியில் சிவாஜியின் ஆட்சிப்பரப்பைச் சுட்டிய வரலாற்றுச் சொல். 'ஹோம் ரூல்' அயர்லாந்துப் போராட்டத்திலிருந்து வந்த, பிரிட்டிஷ் அரசியலுக்குள் சட்டப்படி உச்சரிக்கத்தக்க சொல். திலகரின் அரசியல் இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவில் இயங்கியது. ஆங்கிலப் பிரதியை மட்டும் வாசிப்பவர் கண்ணுக்கு அத்தொலைவே புலப்படாது. பின்னர் அவர் திலகரை 'மிதவாதியாக மாறியவர்' என்றோ 'இரட்டை நாக்கினர்' என்றோ தீர்ப்பெழுதிவிடுகிறார்.

மொழிபெயர்ப்பை வைத்துத் திலகரை எடைபோடும் வழக்கம் பழையது. 1908 இராஜதுரோக வழக்கில், தம் மராத்திக் கட்டுரைகளின் அரசாங்க மொழிபெயர்ப்பு பிழையானது எனத் திலகரே சொல் சொல்லாக வாதிட்டார். 1916-இல் பெலகாமிலும் அகமதுநகரிலும் அவர் மராத்தியில் ஆற்றிய உரைகளுக்காக 20,000 ரூபாய்ப் பிணைமுறியும் தலா 10,000 ரூபாய்க்கு இரு ஜாமீன்களும் கேட்கப்பட்டன. அவ்வாணையை நவம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. உரைகளைத் துண்டாக்காமல் முழுமையாக நோக்கி, கேட்போரிடம் அவை விளைவிக்கக்கூடிய பொதுவான பயனைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பது அத்தீர்ப்பின் அளவுகோல். காலனிய நீதிமன்றம் ஏற்ற அந்த அளவுகோலையேனும் இன்றைய ஆய்வுலகம் ஏற்க வேண்டாமா?

'மராத்தி அறியாதவர் இத்துறையில் நுழையவே கூடாதா?' எனக் கேட்கப்படலாம். தாராளமாக நுழையலாம். தம் எல்லையை வெளிப்படையாக எழுதட்டும். வாதம் ஒரு சொல்லைச் சார்ந்து நிற்குமிடத்தில் மூலத்தைத் தேடட்டும். மொழியறிந்தவரை 'உதவியாளர்' என நன்றியுரையில் ஒதுக்காமல் இணையாசிரியராக ஏற்கட்டும். பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்களத்தின் மொழியில் வாசிக்கும் திறனை முனைவர் பட்டத்திற்கான தகுதியாக்க வேண்டும்.

மக்கள் தம்மைத் தாமே ஆளத் தகுதியுடையவர்கள் என்று வாதிட்டது அந்த லீக். அவர்களது மொழி சான்றாதாரமாகத் தகுதியற்றது எனக் கருதும் ஆய்வு, அவ்வாதத்தை இன்னும் காதில் வாங்கவில்லை.